டெட் கேன் டான்ஸ்: ஆரம்பம், பிரிவு, திரும்பச் சேர்ந்த கதை (அடிக்கடி கேக்குற கேள்விகள்)

யாருங்க இவங்க?

போஸ்ட் பங்க்ல, அதாவது பங்க் ராக்குக்கு அடுத்து வந்த ராக் வகையில ஆரம்பிச்ச ஒரு பேண்ட். அடிப்படையில ரெண்டே பேரு. லிசா ஜெரார்ட், பிரெண்டன் பெர்ரி. டிரம்மர், பேஸிஸ்ட், கீபோர்டுனு நிறைய பேர் வந்து வாசிச்சிட்டுப் போயிருக்காங்க, ஆனா பேண்ட்னா இந்த ரெண்டு பேர்தான். 1981ல ஆஸ்திரேலியாவோட மெல்பர்ன்ல ஆரம்பிச்சு, 1982ல லண்டன் போயி, 1998ல உடைஞ்சு, 2005ல டூருக்காக ஒரு தடவை சேர்ந்து, மறுபடி அவங்கவங்க வழியில போயி, 2012ல ஆல்பத்தோட திரும்பி வந்தாங்க. ரீயூனியன்னு எல்லாரும் சொல்றது இதுல எதைங்கிறதே ஒரு சண்டை. அதுக்குக் கீழ வர்றேன்.

என் கட்சியை இப்பவே சொல்லிடறேன். இவங்க ரெண்டு பேரும் எப்பவுமே தனித்தனியாத்தான் பாட்டு எழுதினாங்க, பாதி காலம் தனித்தனி நாட்டுலதான் இருந்தாங்க, அதனால இவங்க திரும்பிச் சேர்ந்ததை ஏதோ பழைய குடும்பம் ஒண்ணு சேர்ந்த கதை மாதிரி பார்த்தா ஒண்ணும் புரியாது.

பேரு ஏன் இப்படி? சாவு, பேய்னு ஏதாவது மேட்டரா?

இல்ல. எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க, அதனாலயே இவங்களைத் தூக்கி காத் (Goth, கறுப்பு டிரஸ், சாவு, இருட்டுனு போற ராக் கூட்டம்) லிஸ்ட்ல போட்டுட்டாங்க, பெர்ரிக்கு அதுல ரொம்ப எரிச்சல். முதல் ஆல்பத்தோட அட்டையைப் பாருங்க, பாப்புவா நியூ கினியாவோட ஒரு முகமூடி இருக்கும். உயிரோட இருந்த மரம் வெட்டினதும் செத்துப்போச்சு, அதையே முகமூடியா செதுக்கிக் கட்டிக்கிட்டு ஆடறப்ப திரும்ப உயிர் வருது, அவ்வளவுதான் பேருக்கான விளக்கம். அவங்களே சொன்னது.

எங்க எப்படி ஆரம்பிச்சுது?

பெர்ரி லண்டன்ல பொறந்தவர், அப்புறம் குடும்பத்தோட நியூசிலாந்து ஆக்லாந்து போயிட்டார். அங்க த ஸ்காவெஞ்சர்ஸ்னு ஒரு பங்க் பேண்ட்ல இருந்தார், அசல் பங்க், சத்தமும் வேகமும். அந்த பேண்ட் 1979ல மெல்பர்ன் வந்து த மார்ச்சிங் கேர்ல்ஸ்னு பேரை மாத்திக்கிச்சு. கொஞ்ச நாள்ல இவர் அதுலேருந்து கழண்டுக்கிட்டார்.

லிசா மெல்பர்ன்காரங்க, ஐரிஷ் குடும்பம். வளர்ந்த பிராஹ்ரான் ஏரியா பூரா கிரேக்கர், துருக்கியர், இத்தாலியர், அரபு குடும்பங்கள். ஜன்னல் வழியா என்னென்னவோ பாட்டு கேட்டு வளர்ந்த பொண்ணு. பின்னாடி அவங்க குரல்ல வர்ற வளைவு எல்லாம் மியூசிக் காலேஜ்ல கத்துக்கிட்டது இல்ல, அந்தத் தெருவுல காதுல விழுந்தது. கையில யாங்சின்னு ஒரு சீன வாத்தியம், நம்ம சந்தூர் மாதிரி கம்பியைக் குச்சியால தட்டி வாசிக்கிறது.

ரெண்டு பேரும் சந்திச்சாங்க, ஜோடியாவும் ஆனாங்க, 1981ல பேண்டும் ஆச்சு. பேஸுக்கு பால் எரிக்சன், டிரம்ஸுக்கு சைமன் மன்றோ. ஆனா மெல்பர்ன்ல இருந்தா இதுக்கு மேல போக முடியாதுனு தோணி 1982ல லண்டனுக்குக் கிளம்பிட்டாங்க.

லண்டன்ல வாழ்க்கை எப்படி?

காசு இல்ல. ஐல் ஆஃப் டாக்ஸ்ல ஒரு கவுன்சில் அடுக்குமாடி ஃபிளாட்ல குடியிருந்தாங்க, அரசாங்கம் வேலையில்லாதவங்களுக்குக் குடுக்குற காசுல வண்டி ஓடுச்சு. இப்ப அந்தப் பக்கம் பூரா கண்ணாடி பேங்க் கட்டடமா நிக்குது, அப்ப அது துறைமுகம் மூடி ஆள் காலியான இடம். எரிக்சன் கொஞ்ச நாள்ல ஆஸ்திரேலியாவுக்கே திரும்பிட்டார். பக்கத்துலயே குடியிருந்த பீட்டர் அல்ரிக்னு ஒருத்தரை டிரம்ஸுக்குப் புடிச்சாங்க, அவர் ரொம்ப வருஷம் கழிச்சு 2022ல இந்த பேண்டோட வாசிச்ச அனுபவத்தையே ஒரு புத்தகமா எழுதிட்டார்.

டெமோ கேசட் போயி சேர்ந்த இடம் ஃபோர் ஏடிங்கிற (4AD) லேபிள், அதாவது ரெக்கார்ட் கம்பெனி. அதை நடத்தின ஐவோ வாட்ஸ் ரஸ்ஸலுக்கு இந்த மாதிரி விசித்திரமான ஆளுங்கன்னா உயிர், காக்டோ ட்வின்ஸ்ங்கிற பேண்டும் அதே லேபிள்தான். 1984ல முதல் ஆல்பம், அதே வருஷம் ஒரு ஈபி (ஆல்பத்தை விடச் சின்ன ரெக்கார்ட்), ஐவோ நடத்தின திஸ் மார்ட்டல் காயில் ப்ராஜெக்ட்லயும் லிசா பாடினாங்க.

போஸ்ட் பங்க்னு போடுறீங்க, நான் கேட்டது சர்ச் மியூசிக் மாதிரி இருந்துச்சே?

நீங்க கேட்டது பின்னாடி வந்த ஆல்பமா இருக்கும். முதல் ஆல்பத்தைப் போடுங்க. கிடார்ல எஃபெக்ட் போட்டு ஈரமா ஊறவச்ச சத்தம், மேல ஏறி நடக்குற பேஸ், டாம் டாம்ல உருட்டிக்கிட்டே இருக்குற டிரம்ஸ். அந்தக் காலத்து இங்கிலாந்து போஸ்ட் பங்க் கேட்டவனுக்கு இது எந்தத் தெருன்னு அடையாளம் தெரியும். ஆனா ஃபிரான்டியர் பாட்டுல அந்தத் தாளத்து மேல லிசா குரல் வந்து விழுறப்ப அது எந்தத் தெருவுலயும் இல்லாத சத்தம். அந்த ரெக்கார்டிங் அவங்களுக்கே திருப்தியில்ல, நினைச்சது ஒண்ணு வந்தது ஒண்ணுனு அப்புறமா பேட்டிகள்ல புலம்பியிருக்காங்க. எனக்கு அந்த மங்கலான ரெக்கார்டிங்தான் புடிக்கும், அது வேற விஷயம்.

அடுத்த வருஷமே, 1985ல, ஸ்ப்ளீன் அண்ட் ஐடியல்ல கிடார் பின்னாடி போயிடுச்சு. ட்ராம்போன், செல்லோ, டிம்பனி முன்னாடி வந்துச்சு. ஜான் ரிவர்ஸ் கூட சேர்ந்து புரொட்யூஸ் பண்ணது. 1987ல விதின் த ரெல்ம் ஆஃப் எ டையிங் சன். இதோட அட்டைப்படத்துல இருக்குறது பாரிஸ் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்துல ராஸ்பாய்ங்கிறவரோட சமாதி, முக்காடு போட்ட ஒரு உருவம் கைநீட்டிக்கிட்டு நிக்கும். காத் கூட்டம் இதை டீசர்ட்ல அடிச்சுப் போட்டுக்கிட்டதுல ஆச்சரியமே இல்ல, நாங்க காத் இல்லனு சொல்லிக்கிட்டே இப்படி அட்டை போட்டா யாரு நம்புவா.

அந்த ஆல்பத்துல இன்னொண்ணு கவனிங்க. முதல் பக்கம் முழுக்க பெர்ரி, ரெண்டாவது பக்கம் முழுக்க லிசா. எல்.பி.யைத் திருப்பிப் போட்டாத்தான் அடுத்த ஆள். ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்த காலத்துலயே இப்படி. இதைத்தான் மேல சொன்னேன்.

லிசா எந்த மொழியில பாடுறாங்க?

இதுதான் அதிகமா வர்ற கேள்வி. பெரும்பாலும் எந்த மொழியும் இல்ல. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான் பாடுறேன்னு சொல்லியிருக்காங்க. லத்தீன், ஹீப்ரு, கேலிக்னு ஆளாளுக்கு நெட்ல வரிகளை எழுதிப் போட்டு அர்த்தமும் போட்டிருக்கான், நம்பாதீங்க. ராகம் ஆலாபனை பண்றப்ப யாராவது அர்த்தம் கேக்கறோமா என்ன, நம்ம ஆளுங்களுக்கு இது சட்டுனு புடிபடணும். விதிவிலக்கு உண்டு, உதாரணமா ஐரிஷ் நாட்டுப்பாட்டு ஒண்ணை வாத்தியமே இல்லாம இங்கிலீஷ்ல பாடியிருக்காங்க, இன்டு த லாபிரிந்த் ஆல்பத்துல இருக்கு. ஏயான் ஆல்பத்துல பழைய கத்தலான் மொழிப் பாட்டு ஒண்ணு இருக்கு.

பெர்ரி பாட்டுல இந்தக் குழப்பமே கிடையாது. சுத்தமான இங்கிலீஷ், கனமான பாரிடோன் குரல், ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா விழும்.

த ஹோஸ்ட் ஆஃப் செராஃபிம் பத்தி ஏன் எல்லாரும் இவ்வளவு பேசுறாங்க?

1988ல வந்த த சர்ப்பென்ட்ஸ் எக் ஆல்பத்தோட முதல் பாட்டு. கீழ ஒரு கனமான சுருதி நிக்கும், அது நகராது, நகரும்னு காத்துக்கிட்டே இருப்பீங்க. லிசா குரல் அதுக்கு மேல ஏறும், ஒரு உச்சத்துல போயி உடைஞ்சு அழற மாதிரி சரிஞ்சு இறங்கும், மறுபடி ஏறும். பின்னால ஒரு கும்பலே பாடுற மாதிரி குரல்கள். ஆறு நிமிஷத்துக்கு மேல போகுற பாட்டுல வேற எதுவுமே நடக்காது. டிரம்ஸ் இல்ல, கிடார் இல்ல.

ஏதோ கதீட்ரல்ல ரெக்கார்ட் பண்ணது மாதிரி இருக்கும்ல? அந்த ஆல்பத்துல பெரும்பகுதி பண்ணது அதே ஐல் ஆஃப் டாக்ஸ் அடுக்குமாடி ஃபிளாட்ல. இதைத் தெரிஞ்சுக்கிட்டு மறுபடி கேட்டா எனக்கு பாட்டு இன்னும் பெருசாத்தான் ஆச்சு.

1992ல வந்த பராகாங்கிற வசனமே இல்லாத டாக்குமெண்டரியில இதைப் போட்டாங்க. கல்கத்தா குப்பைமேட்டுல காக்காய்களுக்கு நடுவுல பொம்பளைங்களும் புள்ளைங்களும் குப்பை பொறுக்குற காட்சி, தெருவுல படுத்துக்கிடக்குற மனுஷங்க. அதை ஒரு தடவை பார்த்தவன் அப்புறம் பாட்டை மட்டும் தனியா கேக்கவே முடியாது. 2007ல வந்த த மிஸ்ட் படத்தோட அந்தக் கொடூரமான கடைசிக் காட்சியிலயும் இதேதான். படம் பார்க்காதவங்களுக்காக அதுல என்ன நடக்குதுனு சொல்லாம விடறேன்.

அதே ஆல்பத்துல செவரன்ஸ்னு பெர்ரி பாட்டு ஒண்ணு இருக்கு, செராஃபிம் நிழல்ல அது மறைஞ்சு போச்சு. பௌஹவுஸ்ங்கிற பேண்ட் 1998ல தங்களோட ரீயூனியன் டூர் போனப்ப அதை எடுத்துப் பாடினாங்க. இவங்க பேண்ட் உடைஞ்ச அதே வருஷம்.

ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களா?

ஜோடியா ஒண்ணா வாழ்ந்தாங்க, 1989 வாக்குல பிரிஞ்சாங்க. லிசா பார்சிலோனா போயி, அப்புறம் ஆஸ்திரேலியாவுக்கே போயிட்டாங்க. பெர்ரி அயர்லாந்துல கேவன் கவுன்ட்டியில குவிவி சர்ச்னு வழிபாடு நின்னுபோன ஒரு பழைய சர்ச் கட்டடத்தை வாங்கி ஸ்டூடியோவா மாத்திக்கிட்டு அங்கயே செட்டில். அவ்வளவுதான், அதுக்கு மேல அவங்க சொந்த விஷயம்.

ஆனா கவனிங்க, இந்தப் பிரிவுக்கு அப்புறம்தான் அவங்களோட பெரிய வருஷங்கள். 1990ல ஏயான், மத்தியகால ஐரோப்பிய இசை, 14ம் நூற்றாண்டு இத்தாலிய ஆட்டப்பாட்டு ஒண்ணு அதுல இருக்கு, அட்டையில பாஷ்ங்கிற பழைய ஓவியரோட ஓவியத்துல ஒரு துண்டு. 1993ல இன்டு த லாபிரிந்த், வெளி ஆள் யாரும் இல்லாம ரெண்டே பேர் குவிவியில உக்காந்து பண்ணது, உலகம் பூரா 5 லட்சத்துக்கு மேல வித்துச்சு. பெர்ரியோட மிஸ்டர் லவ்குரோவ் பாட்டு அமெரிக்கா காலேஜ் ரேடியோவுல ஓடுச்சு. அதே வருஷம் நவம்பர்ல சாண்டா மோனிகாவுல மேஃபேர் தியேட்டர்ல ரெக்கார்ட் பண்ண லைவ்தான் டுவர்ட் த விதின், படத்தை எடுத்தது பராகா புரொட்யூசர் மார்க் மேகிட்சன். அதுல பாதிக்கு மேல அதுவரைக்கும் ஆல்பத்துல வராத பாட்டு, லைவ் ஆல்பம்னா பழசை அரைச்சு விடுறதுனு நினைக்கிறவங்களுக்காகச் சொல்றேன்.

இண்டஸ் பாட்டு பீட்டில்ஸ் காப்பியாமே?

1996 ஸ்பிரிட்சேசர் ஆல்பத்துல இருக்கு. பாட்டு முடிஞ்ச பிறகுதான் இந்த மெட்டு பீட்டில்ஸ்ல இருந்த ஜார்ஜ் ஹாரிசனோட வித்தின் யூ வித்தவுட் யூ மாதிரியே இருக்குனு தெரிய வந்துச்சு. ஹாரிசன் கிட்டயே கேட்டாங்க, அவர் பரவால்லனு சொல்லிட்டார், ஆனாலும் கம்பெனி தரப்பு விடாம அவர் பேரையும் கிரெடிட்ல சேர்க்க வச்சுது. ஹாரிசனே அந்த மெட்டுக்கு இந்திய இசைக்குக் கடன்பட்டவர்தானே, யாரு யாரைக் காப்பி அடிச்சதுனு கணக்குப் பார்த்தா எங்கயோ போயி நிக்கும்.

அந்த ஆல்பத்தை லிசாவோட இறந்துபோன தம்பி... அண்ணனா தம்பியானு கேக்காதீங்க, சகோதரர் மார்க்குக்கு சமர்ப்பணம் பண்ணியிருக்காங்க. முழுக்க தாளம், மேளம். ரசிகர்கள்ல பாதிப் பேருக்கு இது புடிக்காது.

இவங்க பாட்டை வேற யாராவது யூஸ் பண்ணியிருக்காங்களா?

எலக்ட்ரானிக் மியூசிக் ஆளுங்க கொத்திக்கிட்டுப் போயிட்டாங்க. ஃபியூச்சர் சவுண்ட் ஆஃப் லண்டனோட பாப்புவா நியூ கினியாங்கிற டிராக்ல வர்ற பொம்பளைக் குரல் லிசாதான், டான் ஆஃப் த ஐகனோகிளாஸ்ட்ங்கிற பாட்டுலேருந்து வெட்டினது. கெமிக்கல் பிரதர்ஸோட முதல் சிங்கிள்லயும் லிசா குரல் இருக்கு. ரேவ் பார்ட்டியில ராத்திரி பூரா ஆடினவனுக்கு யாரு குரல்னு தெரியாமயே இவங்க காதுல ஏறியிருக்காங்க.

1998ல ஏன் உடைஞ்சுது?

அடுத்த ஆல்பத்துக்கு வேலை ஆரம்பிச்சாங்க, முடிக்கலை. அந்த செஷன்லேருந்து த லோட்டஸ் ஈட்டர்ஸ்னு ஒரு பாட்டு மட்டும் 2001ல வந்த பாக்ஸ் செட்ல வெளிய வந்துச்சு. ஒரே ஒரு சண்டை, ஒரே ஒரு காரணம்னு தேடாதீங்க. அந்த நேரத்துல ஒருத்தர் அயர்லாந்து கிராமத்து சர்ச்ல, இன்னொருத்தர் ஆஸ்திரேலியாவுல, நடுவுல பூமியோட மறுபாதி, லிசா அதுக்குள்ள 1995லயே த மிரர் பூல்னு தனி ஆல்பம் போட்டாச்சு, பீட்டர் பூர்க் கூட சேர்ந்து டுவாலிட்டி 1998ல வந்தாச்சு. எழுதுறது எப்பவும் தனித்தனிதான், ஆனா கடைசியில ஒரே ரூம்ல உக்காந்து ஒருத்தர் பாட்டை இன்னொருத்தர் தட்டி சரி பண்ணுவாங்க, அந்த ரூம் வேலைதான் நின்னுபோச்சு.

நடுவுல என்ன பண்ணாங்க?

லிசா ஹாலிவுட் போயிட்டாங்க. 1999ல த இன்சைடர், 2000ல கிளாடியேட்டர். நம்ம ஊர்ல லிசா ஜெரார்ட் யாருனு தெரியாதவங்க கூட கிளாடியேட்டர் கடைசியில கோதுமை வயல்ல கை தடவிக்கிட்டுப் போற காட்சியில வர்ற குரலைக் கேட்டிருப்பீங்க. ஹான்ஸ் சிம்மரும் லிசாவும் சேர்ந்து கோல்டன் குளோப் வாங்கினாங்க, ஆஸ்கர் நாமினேஷன்ல சிம்மர் பேர் மட்டும்தான் வந்துச்சு. 2003ல வேல் ரைடர் படத்துக்கு மியூசிக்.

பெர்ரி 1999ல ஐ ஆஃப் த ஹன்டர்னு ஒரு அமைதியான தனி ஆல்பம் போட்டார், அப்புறம் ரொம்ப நாள் சத்தமே இல்ல.

2005ல நடந்தது ரீயூனியன் கணக்குல வருமா?

வரும், ஆனா பாதி. மார்ச்ல ஐரோப்பா, செப்டம்பர் அக்டோபர்ல வட அமெரிக்கா. ஹாலிவுட் பௌல்ல ஆர்க்கெஸ்ட்ராவோட ஒரு கச்சேரி. நிறைய ஊர் கச்சேரிகளை ரெக்கார்ட் பண்ணி லிமிடெட் எடிஷன் சிடியா வித்தாங்க, இப்ப அதுக்கு கலெக்டருங்க கிட்ட நல்ல விலை.

மேடையில புதுப் பாட்டும் பாடினாங்க, அடடா ஆல்பம் வருதுடானு எல்லாரும் காத்திருந்தோம். வரலை. டூர் முடிஞ்சு அவங்கவங்க ஊருக்குப் போயிட்டாங்க. பாபிலோன், கிரசென்ட்னு அப்ப பெர்ரி பாடின ரெண்டு பாட்டும் 2010ல அவரோட தனி ஆல்பம் ஆர்க்ல வந்து உக்காந்துச்சு. அதனாலதான் பாதிங்கறேன், மேடையில சேர்ந்தாங்க, ஸ்டூடியோவுல சேரலை.

காக்டோ ட்வின்ஸும் அப்பத்தானே சேர்றதா இருந்துச்சு?

அதே வருஷம்! 2005 கோச்செல்லா இசைவிழாவுல வாசிக்கிறாங்கனு அறிவிச்சாச்சு, அதுக்கு அப்புறம் பெரிய டூர் வேற. பாடகி எலிசபெத் ஃப்ரேசர் பின்வாங்கிட்டாங்க, கிடாரிஸ்ட் ராபின் கத்ரியோட ஒரே மேடையில நிக்க மனசு வரலைனு. அவங்களும் ஒரு காலத்து ஜோடி, புள்ளை இருக்கு, பிரிஞ்சதுக்கு அப்புறமும் பேண்டை இழுத்துக்கிட்டே போனவங்க. ஒரே லேபிள், ஒரே தலைமுறை, அர்த்தமில்லாத வார்த்தையில பாடுற பொண்ணு, பேண்டுக்குள்ள காதல், எல்லாமே ஒத்துப்போகுது, ஆனா ஒண்ணு சேர்ந்துச்சு இன்னொண்ணு சேரலை.

என்ன வித்தியாசம்னு என்னைக் கேட்டா, காக்டோ ட்வின்ஸ்ல கத்ரி கிடார் மேலதான் ஃப்ரேசர் குரல் நிக்கும், ஒருத்தர் இல்லாம இன்னொருத்தர் பாட்டே கிடையாது. லிசாவுக்கும் பெர்ரிக்கும் அப்படி இல்ல, மேடையில ஒருத்தர் பாடுறப்ப இன்னொருத்தர் ஓரமா நின்னு மேளம் தட்டிக்கிட்டு இருக்கலாம். அந்த இடைவெளி இருந்ததாலதான் திரும்பி வர முடிஞ்சுது. இதுக்கு ஃப்ரேசரைக் குறை சொல்ற கூட்டம் ஒண்ணு இருக்கு, அவங்களோட நான் சேரமாட்டேன். மனசு வரலைனா வரலைதான்.

அப்ப நிஜமான ரீயூனியன்?

2011 மே மாசம் பெர்ரி சொன்னார், ஆல்பமும் வருது டூரும் வருதுனு. 2012 ஆகஸ்ட்ல அனஸ்டாசிஸ் வந்துச்சு. ஸ்பிரிட்சேசருக்கு அப்புறம் 16 வருஷம். பேரே கிரேக்கத்துல உயிர்த்தெழுதல்தான், இந்த விஷயத்துல அவங்க கூச்சமே படலை.

பண்ணது அதே குவிவி சர்ச்ல. எட்டுப் பாட்டு. மெதுவா போகும், எல்லாப் பாட்டும் நீளம், முதல் தடவை கேக்கறப்ப சிலருக்கு தூக்கம் வரும். சில்ட்ரன் ஆஃப் த சன்ல பெர்ரி குரல் வயசாகி இன்னும் கனமா இறங்கியிருக்கு, பித்தளை வாத்தியங்கள் பின்னால சூரியன் எழுற மாதிரி வரும். கிகோ, அனபாசிஸ் ரெண்டும் லிசா, கிழக்கு மத்தியதரைக்கடல் பக்கத்து வாசனை. ஓபியம்ல பெர்ரி எந்தப் பக்கம் போறதுனு தெரியாம நிக்குற ஒருத்தனைப் பாடுறார், அதுல தாளம் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருக்கும், வெளிய போக வழி விடாது.

ரிட்டர்ன் ஆஃப் த ஷீ கிங் பாட்டைக் கட்டாயம் கடைசி வரைக்கும் கேளுங்க. முழுக்க லிசா பாட்டா போயிக்கிட்டு இருக்கும், முடியப்போற நேரத்துல பெர்ரி குரல் உள்ள வந்து சேரும். இவங்க ரெண்டு பேர் குரலும் ஒரே பாட்டுல இப்படிக் கலக்குறது எவ்வளவு அபூர்வம்னு தெரிஞ்சவங்களுக்கு அந்த இடத்துல சிலிர்க்கும்.

ஆல்பத்துல குறையே இல்லையானா இருக்கு. ஆர்க்கெஸ்ட்ரா சத்தம் நிறைய இடத்துல கீபோர்டுலேருந்து வர்றது, அது காதுக்குத் தெரியுது. 80கள்ல காசு இல்லாம கீபோர்டுல பண்ணதை விட இது வழவழன்னு இருக்கு, எனக்கு அந்தப் பழைய சொரசொரப்புதான் வேணும்.

டூர் எப்படி?

2012, 2013 ரெண்டு வருஷமும் ஓடுச்சு. இன் கான்சர்ட்னு லைவ் ஆல்பம் 2013ல வந்துச்சு. பழசைப் பாடி கைதட்டு வாங்குற டூர் இல்ல இது, அனஸ்டாசிஸ் பாட்டைப் பெரும்பாலும் பாடினாங்க, நடுவுல கிரேக்க ரெபெட்டிகோ பாட்டு ஒண்ணு, லம்மா படாங்கிற பழைய அரபுப் பாட்டு ஒண்ணு. லிசா கிளாடியேட்டர் பாட்டையும் பாடினாங்க, அதாவது பிரிஞ்சிருந்த காலத்துல சம்பாதிச்சதையும் பேண்டுக்குள்ள கொண்டு வந்து வச்சாங்க.

பெர்ரி சாங் டு த சைரன் பாடினார். டிம் பக்லிங்கிற பாடகரோட பாட்டு. திஸ் மார்ட்டல் காயில்காக எலிசபெத் ஃப்ரேசர் பாடி ஃபோர் ஏடி ரசிகனுக்கெல்லாம் மனப்பாடமான பாட்டு அது, அதே லேபிள்லேருந்து வந்த இன்னொருத்தர் முப்பது வருஷம் கழிச்சு பாடுறார்னா கூட்டத்துல என்ன நடந்திருக்கும்னு நீங்களே நினைச்சுக்கோங்க.

அப்புறம்?

2018 நவம்பர்ல டயோனைசஸ். ரெண்டு அங்கம், ஏழு பகுதி, மொத்தமே 36 நிமிஷம் சொச்சம். பெர்ரிதான் ரெண்டு வருஷமா உக்காந்து கட்டினது. நியூசிலாந்து தேன்கூட்டு சத்தம், மெக்சிகோ பிரேசில் பறவைங்க, ஸ்விஸ் ஆட்டுக்காரங்கனு ஊர் ஊரா சத்தம் சேர்த்திருக்கார். அட்டையில மெக்சிகோ ஹுய்சோல் பழங்குடி ஆளுங்களோட மணி கோத்த முகமூடி. பாட்டுன்னு எடுத்துக்கிட்டா கொஞ்சம்தான், லிசாவும் கம்மி, அதுல எனக்கு வருத்தம் உண்டு. தாளத்துக்காகக் கேக்கலாம்.

2019ல ஐரோப்பா டூர், இதுல எல்லா காலத்துப் பாட்டும் வந்துச்சு, 80கள்லேருந்தே. கூட வாசிச்சவங்கள்ல பெர்ரியோட சகோதரர் ராபர்ட் ஒருத்தர், கீபோர்டுல ஜூல்ஸ் மேக்ஸ்வெல். அதுக்கப்புறம் கொரோனா வந்து எல்லாத்தையும் தள்ளிப் போட்டுச்சு. 2022ல ஐரோப்பாவுல மறுபடி மேடை ஏறினாங்க, 2023க்கு போட்டிருந்த வட அமெரிக்க டூரை உடம்பு சரியில்லங்கிற காரணத்தால ரத்து பண்ணிட்டாங்க.

நான் புதுசு. எங்கேருந்து கேக்க ஆரம்பிக்கணும்?

போஸ்ட் பங்க் புடிக்கும், ஜாய் டிவிஷன், க்யூர் எல்லாம் கேப்பேன்னா முதல் ஆல்பம். குரலுக்காக வர்றீங்கன்னா த சர்ப்பென்ட்ஸ் எக். ஒரே ஒரு ஆல்பம்தான் கேப்பேன்னு அடம்புடிச்சா இன்டு த லாபிரிந்த், ரெண்டு பேரும் சமமா இருப்பாங்க, ரெக்கார்டிங்கும் சுத்தம். ரீயூனியனுக்கு அப்புறம் வந்ததுல அனஸ்டாசிஸ் போதும்.

விதின் த ரெல்மை மட்டும் ஷஃபிள்ல போடாதீங்க, தயவுசெஞ்சு. முதல்ல பெர்ரி நாலு, அப்புறம் லிசா நாலு, அந்த வரிசையிலயே போகணும்.

ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்டா போதுமா?

போதாது. அந்த அடிச் சுருதி ஃபோன் ஸ்பீக்கர்ல வரவே வராது, செராஃபிம்ல பாதிப் பாட்டு காணாமப் போயிடும். சுமாரான ஹெட்போனா இருந்தாக்கூட பரவால்ல, மாட்டிக்கோங்க.